சப்பட்டைக் காலும் சரியான சப்பாத்தும்



இந்த மாத உரைக்கு என்ன தலைப்பு என்று நிலையத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். "சப்பாத்து" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தத் தம்பி சிரித்துவிட்டு, "அண்ணை, இவ்வளவு நேரம் கதைக்கிறதுக்குச் சப்பாத்தில என்ன இருக்கு?" என்று கேட்டார். "தம்பி, உமக்கு உள்ளங்கால் சப்பட்டையோ?" என்று நான் திருப்பிக் கேட்டேன். "ஓம் அண்ணை, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஆட்கள் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர் இருவராவது அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனது அனுபவம்.

நான் வைத்தியன் அல்ல. ஸ்காபரோவில் விளையாட்டுச் சப்பாத்துகள் விற்கும் கடையொன்றில் 2003ஆம் ஆண்டிலிருந்து 2014ஆம் ஆண்டுவரை 11 வருடங்கள் நிலத்தில் குந்தியிருந்து மற்றவர்களின் பாதங்களை அளந்தவன். வெள்ளைக்காரர், சீனர், சோமாலியர், எங்கள் சனம் என்று எத்தனையோ ஆயிரம் பாதங்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும், பிறகு தேடி வாசித்து அறிந்தவற்றையும், எனது வீட்டிலேயே நான் விட்ட ஒரு பிழையையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எனது கால்களும் சப்பட்டைதான். சின்ன வயதில் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரக் காலோடு சீமெந்து நிலத்தில் நடந்தால், அண்ணாவின் கால் அடையாளத்தில் நடுவில் ஒரு வெட்டு விழுந்திருக்கும். எனது அடையாளம் முழுதாக, ஒரு தோசைக் கரண்டி போல இருக்கும். அப்பாச்சி அதைப் பார்த்துவிட்டு, "உள்ளங்கால் நிலத்தில முட்டினால் ஊர் ஊராய் அலையவேணும்" என்பார். எனக்கு அது பெரிய கவலை. பிறகு 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதுமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, வெட்டு விழுந்த காலுள்ள அண்ணாவும் சப்பட்டைக் காலுள்ள நானும் ஒரே வீதியில்தான் நடந்தோம். உள்ளங்காலைப் பார்த்து எவருடைய விதியும் எழுதப்படவில்லை என்பது அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சப்பட்டைக் காலை ஒரு குறையாக, சிலர் பெண்பிள்ளையின் கலியாணப் பேச்சுவரைக்கும் கொண்டுபோகும் ஒரு குற்றமாகப் பார்க்கும் பழக்கம் இன்னமும் எங்களிடம் முற்றாகப் போகவில்லை. ஆகையால் முதலில் சப்பட்டைக் கால் என்றால் என்ன என்று பார்ப்போம்.

எமது பாதத்தின் உட்பக்கத்தில், குதிக்காலுக்கும் பெருவிரலின் அடிக்கும் இடையில் பாலம் போன்ற ஒரு வளைவு உண்டு. எலும்புகள் அடுக்கப்பட்ட விதத்தாலும், அவற்றைக் கட்டியிருக்கும் நார்களாலும், கணுக்காலின் உட்பக்கத்துக்குப் பின்னால் இறங்கி வரும் ஒரு தடித்த தசைநாராலும் அந்தப் பாலம் நிமிர்ந்து நிற்கிறது. நாம் காலை ஊன்றும்போது அது சற்றுத் தாழ்ந்து அதிர்ச்சியைத் தாங்கும். காலை எடுக்கும்போது மீண்டும் இறுகி எம்மை முன்னுக்குத் தள்ளும். அந்த வளைவு மிகவும் தாழ்ந்திருப்பதையே சப்பட்டைக் கால் என்கிறோம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மளிகைக் கடையில் தரும் மண்ணிறக் கடதாசிப் பையை வெட்டி நிலத்தில் விரியுங்கள். பாதத்தை நனைத்து அதில் ஊன்றி எடுங்கள். நடுப்பகுதி முழுதாக நனைந்திருந்தால் வளைவு தாழ்வானது.

அதோடு நின்றுவிடக் கூடாது. அடுத்ததாக, சுவரில் கையை வைத்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி நில்லுங்கள். பின்னால் ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். நுனிக்காலில் நிற்கும்போது உட்பக்கத்தில் வளைவு தோன்றினால், குதிக்கால் கொஞ்சம் உட்பக்கமாகத் திரும்பினால், அது இளகும் தன்மையுள்ள சப்பட்டைக் கால். பெரும்பாலானோருக்கு இருப்பது இதுதான். நோ இல்லாதவிடத்து இது ஒரு நோயே அல்ல. சிலருக்கு மூக்கு நீளம், சிலருக்குக் கட்டை என்பதுபோலத்தான். நுனிக்காலில் நின்றாலும் வளைவு வராமல் பலகை போலவே இருந்தால், அது இறுகிய வகை. அதற்குச் சப்பாத்துக் கடைக்குப் போக முன்னர் வைத்தியரிடம் போக வேண்டும்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் நாங்கள் வந்து சேர்ந்த இந்தக் கனடா நாட்டின் வைத்தியர்கள்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹரிஸ், பீத் என்ற இருவர் 3,600க்கும் மேற்பட்ட கனடியப் படையினரின் பாதங்களைப் பரிசோதித்து 1947இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சாதாரணமாக வளைவு தாழ்ந்த, இளகும் பாதம் பலமான பாதமே, அதனால் ஒருவர் வேலைக்கு உதவாதவராகிவிட மாட்டார் என்று அவர்கள் கண்டார்கள். தொல்லை கொடுத்தவை இறுகிய பாதங்களும், குதிக்காலின் பின்னால் உள்ள பெரிய நாண் கட்டையாக இழுபட்டிருந்த பாதங்களும்தான். இந்தக் கடைசி விடயத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

இனிப் பிள்ளைகளின் கதைக்கு வருகிறேன். கடையில் நான் அதிகம் சந்தித்தது கவலையோடு வரும் அம்மாமாரைத்தான். ஒருநாள் ஓர் அம்மா ஏழு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கேயோ ஓரிடத்தில் பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு, உடனே அளவெடுத்துச் செய்யும் ஓர்தோற்றிக்ஸ் போடாவிட்டால் முதுகெலும்பு வளைந்துவிடும் என்று சொல்லி 500 டொலருக்கு விலைத்தாள் கொடுத்திருந்தார்கள். அவரின் கணவருக்கு அப்போது வேலை இல்லை. "தம்பி, கடன் வாங்கியாவது செய்யவேணுமோ?" என்று கேட்டார். பிள்ளை அதற்கிடையில் கடையை மூன்று தரம் சுற்றி ஓடிவிட்டான். "உனக்கு எங்கையாவது நோகுதோ?" என்றேன். "இல்லை" என்றான். நுனிக்காலில் நிற்கச் சொன்னேன். அழகான வளைவு வந்தது. "அக்கா, உங்கட குடும்ப வைத்தியரிட்ட ஒருக்காக் காட்டுங்கோ. அதுவரைக்கும் கடன் ஒண்டும் வாங்க வேண்டாம்" என்று சொல்லி, கால் அளவுக்குச் சரியான ஒரு சோடிச் சப்பாத்தை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

குழந்தைகள் எல்லோருமே சப்பட்டைக் காலோடுதான் நடக்கத் தொடங்குகிறார்கள். உள்ளங்காலில் கொழுப்பு நிறைந்திருக்கும், நார்கள் தளர்வாக இருக்கும். முதல் பத்து வயதுக்குள் பெரும்பாலானோருக்கு வளைவு தானாக வருகிறது. 1989இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இளகும் சப்பட்டைக் கால் கொண்ட சிறுபிள்ளைகளைப் பிரித்து, சிலருக்கு விசேட சப்பாத்தும் இன்சோலும், சிலருக்குச் சாதாரண சப்பாத்தும் கொடுத்து மூன்று வருடம் கவனித்தார்கள். முடிவில் இரு பகுதியினருக்கும் வளைவு ஒரே அளவில்தான் வந்திருந்தது. இன்னொன்று எங்கள் பக்கத்து ஆய்வு. தென்னிந்தியாவில் 4 வயதிலிருந்து 13 வயதுவரையான 2,300 பிள்ளைகளின் பாத அடையாளங்களை எடுத்து ராவ், ஜோசப் என்ற இரு வைத்தியர்கள் 1992இல் வெளியிட்டார்கள். காலணி போடும் பிள்ளைகளில் 8.6 வீதமானோருக்கும், வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகளில் 2.8 வீதமானோருக்கும் சப்பட்டைக் கால் இருந்தது. அதற்காகப் பனியில் வெறுங்காலோடு விடச் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும், கோடையில் புல்லிலும் மணலிலும் பிள்ளையை வெறுங்காலோடு ஓட விடுங்கள். அதற்குச் சதமும் செலவில்லை.

பிள்ளைக்கு நோ இருந்தால், ஒரு கால் மட்டும் சப்பட்டையாக இருந்தால், பாதம் இறுகியிருந்தால், மற்றப் பிள்ளைகளோடு ஓட முடியாமல் அடிக்கடி இருந்துவிட்டால், அது வேறு கதை. கட்டாயம் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சரி, இப்போது சப்பாத்து வாங்கும் விடயம். உங்கள் மகள் உயர்தரப் பாடசாலையில் ஓட்டக் குழுவில் சேர்ந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அல்லது உங்களுக்கே வைத்தியர், "சீனி கூடிப்போச்சு, ஒவ்வொரு நாளும் வேகமாக நடவுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். கால் சப்பட்டை. கடையில் சுவர் நிறையச் சப்பாத்து. எதை எடுப்பது?

ஓட்டச் சப்பாத்துகளைக் கடைக்காரர் பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று நியூற்றல், மற்றது ஸ்ரெபிலிற்றி. முதலாவதில் அடிப்பஞ்சு எங்கும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவதில் பாதம் உட்பக்கம் அளவுக்கு மிஞ்சிச் சாயாமல் தாங்கும்படி ஏதாவது செய்திருப்பார்கள். நான் கடையில் நின்ற காலத்தில் உட்பக்கப் பஞ்சில் சாம்பல் நிறத்தில் ஒரு கடினமான கட்டி தெரியும். பெருவிரலால் அழுத்தினாலே வித்தியாசம் விளங்கும். 1993இல் வெளிவந்த அசிக்ஸ் கயானோ, புறூக்ஸ் அட்றினலின் போன்றவை எங்கள் கடையில் அதிகம் போன வகைகள். இப்போது அந்தக் கட்டிக்குப் பதிலாக அடியை அகலமாக்குவது, குதிக்காலின் இரு கரையிலும் பஞ்சை உயர்த்தி விடுவது போன்ற முறைகள் வந்துவிட்டன. ஆகவே சாம்பல் கட்டி இல்லையே என்று இன்று தேட வேண்டாம்.

பெயர் எதுவாக இருந்தாலும், கையில் எடுத்து நான்கு சோதனை செய்யுங்கள். முதலாவது, குதிக்காலைச் சுற்றியுள்ள பின்சுவரை இரு விரலால் நெரித்துப் பாருங்கள். அது கடதாசிப் பெட்டிபோல அமுங்கிப் போனால் உங்கள் குதியைப் பிடித்து வைத்திருக்காது. இரண்டாவது, நுனியையும் குதியையும் பிடித்து மடியுங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் வளைவுக்குத் தாங்கல் இல்லை. மூன்றாவது, ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்குங்கள். கொஞ்சம் முறுகலாம், துணிபோல முறுகக் கூடாது. நான்காவது, மேசையில் வைத்துப் பின்னால் இருந்து பாருங்கள். புதுச் சப்பாத்தே ஒரு பக்கம் சரிந்து நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. இங்கேதான் எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறோம். சின்ன வயதில் செருப்போடும் வெறுங்காலோடும் திரிந்ததால் எங்களில் பலருக்கு முன்பாதம் விரிந்தது. இங்குள்ள சாதாரண அகலம் முன்னுக்கு இறுக்கும். உடனே நாங்கள் என்ன செய்கிறோம்? ஒன்பதாம் அளவுக்காரர் பத்தாம் அளவை வாங்குகிறார். விரலுக்கு இடம் கிடைக்கும், ஆனால் சப்பாத்து மடியும் இடமும் வளைவுக்குத் தாங்கல் கொடுக்கும் இடமும் காலோடு பொருந்தாது, குதி கழன்று கழன்று வரும். செய்ய வேண்டியது நீளத்தைக் கூட்டுவதல்ல, அகலத்தைக் கூட்டுவது. ஆண்களுக்குச் சாதாரண அகலம் டி, அகலமானது 2ஈ, அதிலும் அகலமானது 4ஈ. பெண்களுக்குச் சாதாரணம் பி, அகலமானது டி. நியூ பலன்ஸ், புறூக்ஸ் போன்றவை இந்த அகலங்களில் செய்கின்றன. சுவரில் தொங்காவிட்டாலும் உள்ளே இருக்கும், வெட்கப்படாமல் கேளுங்கள்.

பிராணொக் என்ற இரும்பு அளவுகோல் உள்ள கடையென்றால், இரண்டு காலையும் நின்றபடி அளக்கச் சொல்லுங்கள். சப்பட்டைக் கால் நிற்கும்போது நீளும். இருந்தபடி அளந்தால் பிழைக்கும். பெரிய காலுக்கே வாங்குங்கள். பின்னேரத்தில் போங்கள், பகல் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் அதே மேசைக் கொண்டுபோங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். கடைக்குள்ளேயே கொஞ்சம் ஓடிப் பாருங்கள். யாராவது பார்ப்பார்கள் என்று கூச்சப்பட வேண்டாம், காசு உங்களுடையது.

இப்போது ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். கடையில் நாங்கள் ஈரக்கால் அடையாளத்தைப் பார்த்து, "சப்பட்டையென்றால் ஸ்ரெபிலிற்றி" என்று மந்திரம் போலச் சொல்லி விற்றோம். அது அவ்வளவு நேரான கணக்கல்ல. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகிய மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வடிவைப் பார்த்துச் சப்பாத்துக் கொடுத்துச் சோதித்தார்கள். 2009, 2010ஆம் ஆண்டுகளில் வந்த முடிவுகளின்படி, அப்படிக் கொடுத்ததால் காயங்கள் குறையவில்லை. 2022இல் 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வும், பாத வகைக்கு ஏற்பச் சப்பாத்துக் கொடுப்பதால் பெரிய வித்தியாசம் வருவதாகத் தெரியவில்லை என்றே கூறியது. மறுபக்கத்தில், லக்சம்பேர்க்கில் 372 ஓட்டக்காரரை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வில், பாதம் உட்பக்கம் சாயும் ஆட்களுக்கு மட்டும் தாங்கல் உள்ள சப்பாத்து உதவியது.

அப்படியென்றால் என்ன செய்வது? கல்கரிப் பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2015இல் சொன்ன ஒரு கருத்து எனக்குப் பிடித்திருக்கிறது. பல சோடிகளைப் போட்டுப் பார்த்து, எது உங்கள் காலுக்குச் சுகமாக இருக்கிறதோ அதை எடுங்கள் என்பதே அது. எனது ஆலோசனையும் அதுதான். நோ இல்லாமல் இதுவரை சாதாரண சப்பாத்தில் ஓடுகிறவர் சப்பட்டைக் கால் என்பதற்காக மாற்றத் தேவையில்லை. உட்பக்கக் கணுக்காலோ, முழங்காலோ, உள்ளங்காலோ நோகிறவர் தாங்கல் உள்ள இரண்டு மூன்று வகையையும் ஒரு சாதாரண வகையையும் போட்டுப் பார்த்து, சுகமானதைத் தெரிவுசெய்யுங்கள். உள்வளைவில் ஏதோ கட்டி குத்துவதுபோல இருந்தால், "போகப் போகச் சரிவரும்" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். சென்ற வருட வகையைக் கேட்டால் பெரும்பாலும் விலை குறையும், தரம் குறையாது. புதுச் சப்பாத்தோடு முதல் நாளே நீண்ட தூரம் ஓடாமல், இரண்டு கிழமைக்குப் பழையதையும் புதியதையும் மாறி மாறிப் போடுங்கள். 500 இலிருந்து 800 கிலோமீற்றருக்குள் பஞ்சு களைத்துவிடும். மேலே புதிதுபோல இருந்தாலும் மாற்ற வேண்டும். நனைந்தால் ஹீற்றருக்கு மேல் வைக்காதீர்கள், பஞ்சும் பசையும் பழுதாகிவிடும். பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து வையுங்கள்.

சப்பாத்து மட்டும் போதாது. முன்னர் நினைவில் வைத்திருக்கச் சொன்ன அந்தப் பெரிய நாண்தான் காரணம். சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, குதி நிலத்தில் முட்டியபடி அரை நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று தரம். பிறகு நுனிக்காலில் எழும்பி மெதுவாக இறங்குங்கள், பத்துத் தரத்தில் தொடங்கி நாளடைவில் கூட்டலாம். தேநீர் கொதிக்கும் நேரத்திலேயே செய்து முடித்துவிடலாம்.

நேயர்களே, இதுவரை சொன்னது எனது தொழில். இனிச் சொல்லப்போவது எனது வீடு.

2008ஆம் ஆண்டு எனது மனைவி இங்குள்ள ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் நின்ற நிலையில் வேலை செய்துகொண்டிருந்தார். சீமெந்து நிலம், எட்டு மணித்தியாலம். அவருடைய பெற்றோரும் தம்பியும் வன்னியில். 2009 மே மாதத்துக்குப் பின்னர் அவர்கள் மெனிக் பாம் முகாமுக்குள் என்று அறிந்ததும், காசு அனுப்ப வேண்டும் என்று இரண்டு ஷிப்ற் செய்யத் தொடங்கினார். வேலைக்குப் போட்டது 15 டொலர்ச் சப்பாத்து. சப்பாத்துக் கடையில் வேலை செய்பவனின் மனைவி போட்டது அதுதான். எனக்குக் கழிவு விலையில் வாங்கலாம். கேட்டால், "எனக்கென்னத்துக்கப்பா, பிள்ளையளுக்கு வாங்குங்கோ" என்பார்.

அவருக்கு முதலில் சப்பட்டைக் கால் இல்லை. ஒருநாள் இடது கணுக்காலின் உட்பக்கம் வீங்கியிருப்பதைக் கண்டேன். "கால் நோகுதோ?" என்றேன். "நிண்டு வேலை செய்தால் நோகும்தானே" என்றார். நான் என்ன செய்தேன்? வைத்தியரிடம் கூட்டிப் போகவில்லை. கடையிலிருந்து தாங்கல் உள்ள நல்ல சப்பாத்து ஒரு சோடியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதோடு எனது கடமை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வருடம் இன்னொரு சோடி. ஒருநாள் வேலையால் வந்து படியில் ஏற முடியாமல் கைபிடியில் தொங்கிக்கொண்டு நின்றார். அன்றுதான் பின்னால் நின்று அவரின் காலைப் பார்த்தேன். இடது குதி வெளிப்பக்கம் சரிந்திருந்தது. பின்னால் நின்று பார்க்க வலது காலில் ஒரு விரல்தான் தெரிந்தது, இடது காலில் மூன்று விரல் தெரிந்தது. இடது காலில் மட்டும் நின்று குதியை உயர்த்தச் சொன்னேன். முடியவில்லை.

வளைவைத் தாங்கும் அந்தத் தசைநார் பழுதாகிவிட்டது என்று வைத்தியர் சொன்னார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, நிறை கூடியவர்களுக்கு, சலரோகம், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். தொடக்கத்திலேயே கவனித்தால் ஓய்வு, பிடிப்புப் பட்டி, இன்சோல், பயிற்சி என்று பெரும்பாலும் சமாளிக்கலாம். பிந்தினால் பாதம் இறுகி, சத்திரசிகிச்சை வரைக்கும் போகும். அவர் பல மாதம் பெரிய பிளாஸ்ரிக் சப்பாத்துப் போட்டு, பிறகு கணுக்கால் பட்டி போட்டு, அந்த வேலையையும் விட வேண்டி வந்தது. இன்று நடக்கிறார். ஆனால் கோவில் திருவிழாவில் முழு நேரமும் நிற்க அவரால் இயலாது, கதிரை தேடுவார். அந்தக் கதிரையைக் கொண்டுபோய்ப் போடும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வருடம் நினைவுக்கு வரும். ஆயிரம் பேரின் காலைக் குந்தியிருந்து பார்த்தவன், வீட்டில் ஒருதரம் குந்தவில்லை.

ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம் கேட்கிறேன். வளர்ந்த ஒருவருக்குப் புதிதாக ஒரு கால் மட்டும் சப்பட்டையாகிக்கொண்டு வந்தால், உட்கணுக்கால் வீங்கி நோனால், ஒற்றைக் காலில் குதி உயர்த்த முடியாவிட்டால், சப்பாத்துக் கடைக்குப் போகாதீர்கள். வைத்தியரிடம் போங்கள். சலரோகம் உள்ளவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே. நோ இல்லாமலே பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டும். உணர்வு குறைந்த பாதத்தில் எலும்புகள் நொருங்கி வளைவு விழுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். சலரோகக்காரர் ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்த்த பிறகே காலை விடுங்கள்.

தொழிற்சாலையில் பச்சை முக்கோணம் பதித்த பாதுகாப்புச் சப்பாத்துப் போடுபவர்களுக்கும் அகல அளவு உண்டு, கேட்டு வாங்குங்கள். இன்சோல் போடுவதானால் பழைய இன்சோலை எடுத்துவிட்டுப் போடுங்கள், மேலுக்கு மேல் அடுக்கினால் கால் இறுகிவிடும். கடையில் விற்கும் ஆயத்த இன்சோலே பலருக்குப் போதும். அளவெடுத்துச் செய்வது தேவையா என்பதை கிரொப்பொடிஸ்ற் என்று இங்கே அழைக்கப்படும் பாத நிபுணரிடம் கேளுங்கள். சில சமூக சுகாதார நிலையங்களில் கட்டணமின்றியும் பார்க்கிறார்கள். வேலைத்தலக் காப்புறுதி இருந்தால் அது ஒரு பங்கைக் கட்டக் கூடும். ஆனால் காப்புறுதி இருக்கிறது என்பதற்காகத் தேவையில்லாததைச் செய்ய வேண்டாம். வாங்காத பொருளுக்குக் கையெழுத்தும் வைக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம், எத்தனையோ பேர் வேலையை இழந்திருக்கிறார்கள்.

எங்கள் சனம் கால்களால் பிழைத்த சனம். வீதிகளிலும் வயல்வரம்புகளிலும் நடந்து, பிறகு இந்தக் குளிர் நாட்டில் எட்டும் பன்னிரண்டும் மணித்தியாலம் நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்த சனம். பிள்ளைக்கு 150 டொலர்ச் சப்பாத்தை யோசிக்காமல் வாங்குவோம். எங்களுக்கென்று வரும்போது மலிவு விற்பனைப் பெட்டிக்குள் கையை விடுவோம். பிள்ளைகளே, நீங்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இன்று இரவு அம்மா வேலையால் வந்ததும் மேசைக் கழற்றச் சொல்லி, அவரின் இரண்டு காலையும் ஒருக்காப் பாருங்கள். "எனக்கொண்டும் இல்லை" என்பார். நம்பாமல் பாருங்கள்.